மூன்றாவது குட்டு

14

“காரணத்தோட வா” என்று போன வாரம் தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள் அல்லவா பெரியவள்? தங்கை வந்துவிட்டாள். காரணத்தோடுதான் வந்தாள். வந்த இடம்தான் வேறு.

போன வாரம் தவறவிட்டவர்களுக்கு இரண்டே வரி. அப்பா பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருடம். மூன்று வருடமும் கூடவே இருந்து பார்ப்பவள் சின்னவள். வீட்டில் உட்கார்ந்தபடியே வரைபடம் வரைந்து கொடுக்கிறவளுக்கு, கடலடியை அளக்கும் ஒரு கப்பலில் ஒரு வருட வேலை வந்திருக்கிறது. இன்று மாலை ஐந்துக்குள் வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ பதில் போகவேண்டும்.

“ஒரே ஒரு வருஷம்க்கா. அப்பாவ நீ பார்த்துக்கோ” என்று கெஞ்சினாள்.

“உனக்குப் பழகிடுச்சு, எனக்குப் பழக்கமில்ல. நீ உணர்ச்சியில பேசற. காரணத்தோட வா” என்றாள் பெரியவள். இரண்டு வரி என்றேன், நீண்டுவிட்டது. அந்த வீட்டில் எந்தப் பேச்சும் இரண்டு வரியில் முடிந்ததில்லை.

பெரியவள் பிழைப்புக்குக் காது சோதிக்கிறாள். கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. உள்ளே உட்காருபவர் தலையில் ஹெட்போன். வெளியே இவள் குமிழைத் திருப்புவாள், உள்ளே ‘பீப்’ கேட்டால் அவர் விரலைத் தூக்கவேண்டும். தூக்காதவர் காதுக்குள் பசை நிரப்பி அச்செடுத்து, அந்தக் காதுக்கென்றே கருவி செய்து தருவாள். ஊர்க் காதையெல்லாம் திறந்து விடுகிறவள், வீட்டில் யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். பதிமூன்று வாரமாகப் பார்க்கிறீர்கள், நான் சொல்லியா தெரியவேண்டும்?

புகழுக்கு வேறொரு தொழில். இணையத்தில் ‘நேர்வழக்கு’ என்று ஒரு குழு. நாற்பதாயிரம் பேர். அதற்கு நடுவர் ‘தராசு’. தராசு ஆணா பெண்ணா, கிழமா குமரியா என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. அது நம் பெரியவள்தான் என்பது உங்களுக்கும் எனக்கும் அவள் கணவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அங்கே யாரும் சும்மா கத்திவிட்டுப் போக முடியாது. கருத்தை விட்டுவிட்டு ஆளை அடித்தால் ஆள்குட்டு. எதிராளி சொல்லாததைச் சொன்னதாகப் பொம்மை செய்து உதைத்தால் பொம்மைக்குட்டு. ‘ஊரே சொல்லுது’ என்றால் ஊர்க்குட்டு. காரணம் கேட்டால் கண்ணீரைக் காட்டுகிறவருக்குக் கண்ணீர்க்குட்டு. ஒரே வழக்கில் மூன்று குட்டு வாங்கியவர் வெளியே. மன்னிப்பு, மறுவிசாரணை எதுவும் கிடையாது.

இந்தப் பெயர்கள் அவள் மூளையில் முளைத்தவை அல்ல. அப்பா கால்பந்து நடுவர். மைதானத்தில் விசில், வீட்டில் முட்டி. சாப்பாட்டு மேசையில் பேச்சு தடம் மாறினால், எந்தத் தப்பு என்று பெயர் சொல்லி நடு மண்டையில் ணங்கென்று வைப்பார். பெரியவள் கெட்டிக்காரி, நாலைந்து வாங்கியதும் சுதாரித்துக்கொண்டாள். சின்னவளுக்குப் பேச்சுக்கு முன்னால் அழுகை வந்துவிடும். மிச்சக் குட்டெல்லாம் அவள் தலையில்தான் விழுந்தது.

இன்று காலை முதல் ஆள் வருவதற்கு முன்னால் பெரியவள் போனைத் திறந்தாள். ‘குடைக்கம்பி’ என்று ஒரு உறுப்பினர். இரண்டு மாதமாக மூலையில் இருக்கும், அதிகம் வாய் திறக்காது. இன்று ஒரு வழக்கு வைத்திருந்தது.

‘எழுந்து நடக்க முடியாத ஒரு தந்தை. இரண்டு பிள்ளைகள். ஒரு பிள்ளை மூன்று வருடம் பார்த்துவிட்டது. அடுத்த ஒரு வருடம் மற்றப் பிள்ளை பார்ப்பது நியாயமா, இல்லையா? காரணத்தோடு சொல்லுங்கள்.’

இதைப் படித்ததும் சுரீர் என்று உறைத்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? உறைக்கவில்லை. இந்தக் கதை பாதி வீட்டில் உண்டு. தன் வீட்டிலும் உண்டு என்று அவள் நினைத்தால்தானே? அவளைப் பொறுத்தவரை அது போன வாரமே தீர்ப்பான வழக்கு.

‘மூன்று வருடம் பார்த்தார் என்பது வரலாறு. அது மற்றவருக்குக் கடமை ஆகாது’ என்று தராசு எழுதியது.

‘பார்த்தவருக்கு இப்போது முதுகு நிமிரவில்லை. ஒரு இரவு முழுதாகத் தூங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று அவருக்கே தெரியாது’ என்றது குடைக்கம்பி.

‘கண்ணீர்க்குட்டு. ஒன்று.’

ஐந்நூறு பேர் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் அந்த மஞ்சள் முகத்தைப் போட்டார்கள். முதுகு வலிக்கிறது என்பது காரணமா கண்ணீரா என்று ஒருவரும் கேட்கவில்லை. தராசு சொன்னால் சரியாக இருக்கும்.

குடைக்கம்பி சளைக்கவில்லை. ‘சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஒரே ஒரு கேள்வி. “உனக்குப் பழகிவிட்டது, எனக்குப் பழக்கமில்லை, அதனால் நீயே பார்” என்று மற்றப் பிள்ளை சொல்கிறது. அது சரியான வாதமா?’

இங்கேதான் பெரியவளைப் பாராட்ட வேண்டும். ஆள் யார் என்று தெரியாதவரை அவள் நியாயத்தில் ஒரு மாற்றுக் குறையாது.

‘இல்லை. பழக்கம் கடமை ஆகாது. பிள்ளை என்பதால் வருவது கடமை என்றால், எல்லாப் பிள்ளையும் பிள்ளைதான். அப்படிச் சொன்னவர் இங்கே இருந்தால் அவருக்கும் ஒரு குட்டு வைத்திருப்பேன்’ என்று தட்டி அனுப்பினாள். மணி பத்து நாற்பது.

‘நன்றி, தராசு. இதை எழுதி வைத்துக்கொள்கிறேன்’ என்றது குடைக்கம்பி. அத்தோடு மத்தியானம்வரை சத்தமில்லை.

பதினொன்றரைக்கு ஒரு கணவன் மனைவி வந்தார்கள். “பத்து வருஷமா இவருக்குக் காது கேக்கலம்மா. எது சொன்னாலும் திரும்பிப் பார்க்கறதே இல்ல” என்றாள் அந்த அம்மா.

கணவரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தாள் பெரியவள். சத்தத்தைக் குறைத்தாள், அவர் விரலைத் தூக்கினார். இன்னும் குறைத்தாள், தூக்கினார். கொசு சிறகடிக்கிற அளவுக்குக் கொண்டுபோனாள். அதற்கும் தூக்கினார்.

“காதுல ஒரு குறையும் இல்லம்மா. என்னைவிட நல்லா கேக்குது.”

அந்த அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “கேக்கலன்னு நினைச்சுதான் இத்தனை வருஷம் மன்னிச்சுக்கிட்டு இருந்தேன்” என்றாள். அவர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

பெரியவள் தாளில் ‘இயல்பு’ என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தாள். நமக்குக் குத்துகிற இடத்தில் அவளுக்குக் குத்தவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

மத்தியானம் டப்பாவைத் திறந்து, ஒரு கையில் ஸ்பூன், ஒரு கையில் போன். வழக்கில் புதிதாக ஒருவர் நுழைந்திருந்தார். பெயர் ‘இரண்டாம் பிரேக்’.

‘எல்லாரும் பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறீர்களே. அந்தத் தந்தை என்ன சொல்கிறார்?’ என்று கேட்டிருந்தார்.

குடைக்கம்பி பதில் சொல்லியிருந்தது. ‘கேட்டேன். “அப்புறம்?” என்றார். எதைக் கேட்டாலும் அதுதான். விழுந்ததிலிருந்து அவர் வாயில் மிஞ்சியது அந்த ஒரு வார்த்தை. சாப்பாடு ஊட்டினால் அப்புறம். ஊசி போட்டால் அப்புறம். என் கதையைச் சொன்னால் அப்புறம். அந்த வீட்டில் என்னை மேலே பேசச் சொல்கிற ஒரே ஆள் அவர்தான்.’

ஸ்பூன் டப்பாவுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

அப்பாவின் ‘அப்புறம்’ அது. உலகத்தில் வேறு எந்த வீட்டில் அப்படி ஒரு அப்பா?

அவள் செய்திருக்கக்கூடியது ஒன்றுதான். போனில் அந்த வழக்கை மூடிவிட்டுத் தங்கையின் எண்ணை அழுத்தியிருக்கலாம். மணி இரண்டுகூட ஆகவில்லை, ஐந்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. ‘ஏய், இது நீதானா?’ என்று ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால் இந்தத் தொடர் இந்த வாரத்தோடு சுபமாக முடிந்திருக்கும்.

அவளுக்கு வந்த முதல் நினைப்பே வேறு. நம்ம வீட்டு விஷயத்தை நடுத்தெருவில் வைக்கிறாளே. இரண்டாவது நினைப்பு அதைவிட மோசம். காலையில் இவள் பக்கம் தீர்ப்புச் சொல்லித் தொலைத்துவிட்டேனே. இங்கே தோற்றால் வீட்டிலும் தோற்கவேண்டும். அப்பாவின் படுக்கை, கையுறை, உறிஞ்சு குழாய் எல்லாம் அவள் கண்ணில் வந்து போயின.

டப்பாவை மூடினாள். இரண்டு கட்டை விரலாலும் தட்டினாள்.

‘வழக்கின் மறுபக்கத்தையும் பார்ப்போம். மூன்று வருடம் வீட்டோடு இருந்து பார்த்தவர், வெளியே எங்கும் தேறாதவராகவும் இருக்கலாம். சிலருக்குப் பெற்றவரின் படுக்கைதான் ஒளிந்துகொள்ள வசதியான இடம். அதற்குத் தியாகம் என்று பெயர் வைத்துவிட்டால் தோல்வி தெரியாது.’

எழுத்தில் இது பொதுக்கருத்து மாதிரி இருக்கும். சின்னவள் இரண்டு முறை தேர்வில் தோற்று, மூன்றாம் முறை எழுதாமலே திரும்பி வந்தவள் என்பது தெரிந்த ஆளுக்குத்தான் இதில் கத்தி எங்கே இருக்கிறது என்று தெரியும்.

சிரிக்கும் முகங்கள் எண்ணூறைத் தாண்டின. ‘செம அடி’ என்றார் ஒருவர். ‘குடை மடங்கிடுச்சு, கம்பி வளைஞ்சிடுச்சு’ என்றார் இன்னொருவர்.

குடைக்கம்பி ரொம்ப நேரம் கழித்து ஒரு வரி எழுதியது. ‘இது ஆள்குட்டு இல்லையா, தராசு?’

கேள்வி நியாயமான கேள்வி. காலையில் இருந்த தராசாக இருந்தால், தன் தலையில் தானே ஒன்று வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருக்கும்.

‘வழக்கை விட்டு நடுவரைக் கேள்வி கேட்பது திசைதிருப்பல். நடுவர்க்குட்டு. இரண்டு.’

நடுவர்க்குட்டு என்று ஒன்று அதுவரை கிடையாது. அந்த நிமிடம் பிறந்தது. நாற்பதாயிரம் பேரில் ஒருவர்கூட, இது எப்போது வந்தது என்று கேட்கவில்லை.

அதற்கு வந்த பதிலில் காலையில் இருந்த நிதானம் இல்லை. அழுதுகொண்டே தட்டியிருக்கவேண்டும், பாதி எழுத்துக்குப் புள்ளி இல்லை.

‘என்னை ஒரு நாளாவது முழுசாகக் கேட்டிருக்கிறாயா நீ?’

அந்தக் குழுவில் எவ்வளவு சண்டை வந்தாலும் எல்லாரும் எல்லாருக்கும் ‘நீங்கள்’தான். நடுவரை ஒருமையில் கூப்பிட்டதும் கூட்டம் கொதித்தது. மரியாதை தெரியாத ஜென்மம் என்றார்கள். தூக்கி வெளியே போடு என்றார்கள்.

பெரியவள் மட்டும் அந்த ‘நீ’யையே பார்த்துக்கொண்டிருந்தாள். தவறிப்போய் விழுந்த வார்த்தை அது. கோபத்தில் முன்பின் தெரியாதவரை ‘நீ’ என்பது வேறு. இது பல் முளைக்கும்போதே பழகிய ‘நீ’. அவளை அப்படிக் கூப்பிடுகிறவர்கள் எண்ணி நாலு பேர். ஒருவர் படுக்கையில். ஒருவர் அவள் கணவர். ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்ட அம்மா.

அப்படியென்றால் சின்னவளுக்குத் தெரியும். தராசு யார் என்று தெரிந்தேதான் இரண்டு மாதமாக மூலையில் உட்கார்ந்திருக்கிறாள்.

தெரிந்த பிறகும் விரல் நிற்கவில்லை என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நிற்கவில்லை. வெட்கம் வந்தால் சிலருக்குத் தலை குனியும், பெரியவளுக்குக் கை ஓங்கும்.

‘ஒருமை விளிப்பு. ஆள்குட்டு. மூன்று. உறுப்பினர் வெளியேற்றப்பட்டார்.’

இரண்டு மணி ஐம்பது. கைதட்டும் படங்கள் மழையாகக் கொட்டின. மூன்று மணிக்கு வரவேண்டியவர் முன்னாலேயே வந்து வாசலில் காத்திருந்தார். பெரியவள் கையைக் கழுவிவிட்டு அவர் காதுக்குள் பஞ்சை வைத்தாள்.

அதற்கப்புறம் மூன்று முறை தங்கைக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ‘கோபத்துல இருக்கா. ரெண்டு நாள்ல சரியாயிடுவா’ என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஐந்து மணி அடித்தது, கடந்தது. கப்பல் கதை முடிந்தது என்று ஒரு நிம்மதிகூட வந்தது. அதை நான் மறைக்கப்போவதில்லை.

ஆறேகாலுக்கு வீட்டுத் தெருவில் நுழைந்தபோது கணவரின் கார் வாசலில் நின்றது. அவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் மிதிப்பதற்கு அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். வீட்டில் சண்டை வந்தாலும் கால் தானாக அந்தப் பிரேக்கைத் தேடும், வாய் திறக்காது. ராத்திரி எட்டு மணிவரை வகுப்பு இருக்கிற மனிதர், ஆறேகாலுக்கு வீட்டில்.

கதவைத் திறந்தாள். கூடத்தில் சோபாவை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். அந்த இடத்தில் சக்கர நாற்காலி. நாற்காலியில் அப்பா. மடியில் போர்வை, மோவாய்க்குக் கீழே சின்னத் துண்டு.

“என்னங்க இது? அப்பா எப்படி இங்க?”

“நான்தான் கூட்டிட்டு வந்தேன். நாலு மணிக்கு.”

“அவ எங்க?”

“போயிட்டா. நாலரைக்குத் தெருமுனையில பஸ் ஏறினா. காலையில கப்பல்.”

பெரியவள் கைப்பையைக்கூட இறக்கவில்லை. “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல இல்ல அவளுக்கு?”

“காலையிலேர்ந்து சொல்லிக்கிட்டேதான் இருந்தா” என்றார் கணவர்.

சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. வரைபடக்காரி கை. அப்பாவின் உடம்பையே ஒரு தீவு மாதிரி வரைந்திருந்தாள். புண் வரக்கூடிய இடங்கள் சிவப்பு. எந்தப் பக்கம் எத்தனை மணி நேரம் சாய்க்கவேண்டும் என்பதற்கு அம்புக்குறி. எந்த மாத்திரையைப் பொடிக்கலாம், எதைப் பொடிக்கக்கூடாது. எந்தத் தோளைத் தொட்டால் வலிக்கும். கீழே ஓரத்தில், சின்ன எழுத்தில், ‘பழக்கம் கடமை ஆகாது. எல்லாப் பிள்ளையும் பிள்ளைதான். தராசு, காலை 10.40.’

“திட்டம் போட்டு என்னை மாட்டிவிட்டிருக்கா” என்றாள் பெரியவள். “இந்த வார்த்தைய என் வாயாலயே வாங்கி, என் வீட்டுச் சுவத்துலயே ஒட்டிட்டுப் போறா. வாயில்லாப் பூச்சின்னு நினைச்சேன்.”

“பொம்மைக்குட்டு” என்றார் கணவர்.

“என்னது?”

“அவ செய்யாதத செஞ்சதா சொல்ற.” அவர் குரலை உயர்த்தவில்லை. “நீதான் தராசுன்னு அவளுக்கு முதல் நாளே தெரியும். குட்டுன்னு ஒரு வார்த்தை போதாதா? உங்கப்பா முட்டி அவ தலையிலதானே அதிகம் பட்டுச்சு. ‘அத்தான், வீட்டுல அக்கா நான் பேசினா கேக்க மாட்டா, அங்க யாரோ பேசினா கேக்கறா. அதனால யாரோவா போய்ப் பேசறேன்’னா.”

பெரியவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

“பத்து நாற்பதுக்கு நீ எழுதினதப் படிச்சுட்டு எனக்குப் போன் பண்ணினா. ஒரே அழுகை. ‘அக்கா சொல்லிட்டா அத்தான், என் பக்கம் நியாயம்னு சொல்லிட்டா. போதும். நான் எங்கயும் போகல’ன்னா. போன வாரமே கட்டி வச்ச பெட்டியப் பிரிச்சுட்டா. கப்பலுக்கு ‘வரவில்லை’ன்னு எழுதியும் வச்சுட்டா. உனக்குன்னு வரைஞ்சு வச்சிருந்த இந்தத் தாளக் கிழிச்சுப் போடவும் மனசில்ல, அதோட ஓரத்துல உன் வார்த்தைய எழுதிக்கிட்டா. ஞாபகத்துக்கு.”

“அப்புறம்?” என்றார் அப்பா.

இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்புறம் என்ன மாமா” என்றார் கணவர், அவருக்கே பதில் சொல்வதுபோல. “ரெண்டு மணிக்கு, வெளிய எங்கயும் தேறாதவன்னு எழுதியிருந்தது. மூணு மணிக்குத் திரும்பப் பெட்டியக் கட்டினா. ‘வரவில்லை’ய அடிச்சுட்டு ‘வருகிறேன்’னு அனுப்பினா.”

அவர் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஏழு மணி வகுப்பு இருக்கிறதாம். போகும்போது பாலை அடுப்பில் வைத்திருப்பதாகச் சொன்னார். அதில் கோபம்கூடத் தெரியவில்லை.

பெரியவள் அப்பாவின் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாரிடமாவது சொல்லியாகவேண்டும்.

“அவ பேசினது தப்புப்பா. நடுவர ஒருமையில பேசக்கூடாது. விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே?”

“அப்புறம்?”

“நான் பொதுவாத்தான் எழுதினேன். அவளச் சொல்லல.”

“அப்புறம்?”

“எனக்குன்னு ஒரு வேலை இருக்கு. எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல...”

சொல்லி முடிப்பதற்குள் அவள் வாய் நின்றுவிட்டது. கண் தானாகச் சுவருக்குப் போனது. பத்து நாற்பது.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. சின்னவளாக இருக்கும் என்று அவசரமாக எடுத்தாள். நேர்வழக்கில் புது வழக்கு ஒன்று. வைத்தவர் பெயர் இரண்டாம் பிரேக்.

‘நடுவரே ஆள்குட்டு வைத்தால் அவரை யார் வெளியேற்றுவது? இன்று மத்தியானத் தீர்ப்பை மறுபடி எடுத்துக்கொள்வோம். எனக்கு இரண்டு பிள்ளைகளையும் தெரியும். நடுவரையும் தெரியும்.’

அந்தப் பெயரை இரண்டாவது முறை படித்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. எழுந்து ஜன்னலுக்கு ஓடினாள். கார் இன்னும் வாசலிலேயே நின்றது. உள்ளே விளக்கு எரிந்தது. கணவர் ஸ்டியரிங்கின் மேல் போனைச் சாய்த்துவைத்து, இரண்டு விரலால், எந்த அவசரமும் இல்லாமல் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

அழிக்கும் பொத்தான் அவள் கட்டை விரலுக்குக் கீழேதான் இருந்தது. வழக்கை அழிக்கலாம், ஆளையும் வெளியேற்றலாம், நடுவருக்கு அதிகாரம் உண்டு. அதற்குள் நூற்றுப்பதினாறு பேர் படித்துவிட்டார்கள். ‘தராசு எங்கே? பதில் சொல்லட்டும்’ என்று ஒருவர் கேட்டிருந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது.

பின்னாலிருந்து அப்பா கேட்டார்.

“அப்புறம்?”